இரவில் முகம் விழாத கமரா: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கண்காணிப்புக் கமரா பூட்டுவதும், பிறர் பூட்டிவிட்டுப் போனதைத் திருத்துவதும் என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வகையானவை. பகலில் வளவின் மூலையில் மேயும் கோழிகளை எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருந்த கமரா, களவு போன இரவின் பதிவில் சாம்பல் நிற உருவம் ஒன்றை மட்டுமே காட்டுகிறது. வந்தவர் ஊரவரா வெளியாளா என்று அந்த உருவத்தை வைத்து எவராலும் சொல்ல முடிவதில்லை. அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "இதைக் கழற்றிவிட்டு எட்டு மெகாபிக்சல் போட்டால் முகம் விழுமா?"

பெரும்பாலும் விழாது. சில இடங்களில் இருந்ததை விடவும் மோசமாகும். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் விளக்கில்லாத ஒழுங்கைகளும், அயல் வீட்டு வெளிச்சம் எட்டாத பெரிய வளவுகளும் நிறைந்த வன்னியில், கமராவுக்குப் பற்றாமல் இருப்பது அநேகமாக வெளிச்சமே. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், கமராவை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தொடங்குமுன்: எதைப் பார்த்துத் தீர்மானிப்பது

அலைபேசித் திரையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அலைபேசிச் செயலிகள் டேற்றாவை மிச்சப்படுத்துவதற்காகச் சப் ஸ்ட்ரீம் எனப்படும் தரம் குறைந்த படத்தையே வழமையாகக் காட்டும். "படம் தெளிவில்லை" என்று அழைத்த சிலரின் பிழை, செயலியில் தரத்தை உயர்த்தும் பொத்தானை அழுத்தியதோடு தீர்ந்திருக்கிறது.

முழுவதும் இருட்டிய பின்னர், வழமையாக இரவில் எரியும் விளக்குகளை மட்டும் எரியவிட்டு, ஒருவரைப் படலையிலிருந்து வாசல் வரை இயல்பான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவைப் பதிவுப்பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்து, கணினியில் ஓடவிட்டு, அவர் கமராவின் பக்கம் முகம் திருப்பும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அசையாமல் நிற்பவரை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கள்வர் அப்படி நிற்பதில்லை.

அறிகுறி 1: படம் முழுவதும் வெண்மூட்டமாக இருக்கிறது

பகலில் தெளிவாகவும் இரவில் பனிமூட்டம் போலவும் தெரிந்தால், கமராவின் அகச்சிவப்பு விளக்கு எங்கோ அருகில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் விழுகிறது என்று கொள்ளலாம்.

முதலில் கண்ணாடியைப் பாருங்கள். கிரவல் வீதியோரக் கடைகளில் ஒரு கோடைக்குள் கண்ணாடியின் மேல் செம்மண் படலம் ஒன்று படிந்துவிடும். பகலில் அது படத்தைச் சற்று மங்கலாக்குவதோடு நின்றுவிடும், இரவிலோ அந்தத் தூசி ஒவ்வொன்றும் ஒளிரும். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு, ஈரமான மென்துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெயோ தின்னரோ வேண்டாம். பிளாஸ்ரிக் மூடி பால்போல் வெளுத்துவிடும்.

அடுத்தது சிலந்தி. ஒரேயோர் இழை லென்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடினாலும் போதும்: கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அந்த இழை, அகச்சிவப்பு வெளிச்சத்தில் கயிறளவு தடித்து, காற்றில் ஆடும் வெள்ளைப் பட்டையாகப் பதிவாகும், அசைவு எச்சரிக்கையையும் இரவு முழுவதும் எழுப்பிக்கொண்டிருக்கும். நீளத்தடியின் நுனியில் துணி சுற்றி மாதமொருமுறை துடைப்பதை விடச் சிறந்த மருந்தை நான் காணவில்லை. பூச்சிமருந்து தெளிப்பதானால் தாங்கியைச் சுற்றித் தெளியுங்கள், கண்ணாடியில் பட வேண்டாம்.

மூடி துப்புரவாக இருந்தும் மூட்டம் விலகவில்லையென்றால், தாழ்வாரத் தகரத்தின் விளிம்போ வெள்ளையடித்த சுவரோ படத்தின் ஓரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அருகிலுள்ள அந்தப் பரப்பு பளிச்சென்று மின்ன, கமரா முழுப் படத்தையும் இருட்டாக்கிச் சமன்செய்யப் பார்க்கும், வளவு கறுத்துப்போகும். கமராவைச் சிறிது முன்னே தள்ளிப் பூட்டுவதும், விளிம்பு தெரியாதவாறு கீழே சாய்ப்பதும் போதுமானவை.

அரைக்கோள மூடியுள்ள டோம் வகையில் இன்னோர் இடமும் உண்டு. லென்ஸைச் சுற்றியிருக்கும் இறப்பர் வளையம் மூடியின் உட்புறத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். யாராவது கமராவைத் திருப்பும்போது அது விலகியிருந்தால் விளக்கின் ஒளி மூடிக்குள்ளேயே சுற்றி லென்ஸுக்குள் வந்துவிடும். மூடியைக் கழற்றி வளையத்தைச் சரிசெய்து மாட்டுங்கள். மூடியே வெயிலில் மஞ்சளித்திருந்தால், வெளியிடத்துக்கு டோம் வகையை மறந்து, மூடியில்லாத டரெட் (turret) வகையோ குழல் வடிவப் புல்லட் வகையோ வாங்குவது நல்லது.

அதிகாலையில் மட்டும் மூட்டம் வந்து வெயில் ஏற மறைந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அதைத் திறந்து உலர்த்தி மீண்டும் மூடினாலும் சில வாரங்களில் திரும்பி வரும். இந்த இடத்தில் தொழிலாளரை அழைப்பதே சரி.

அறிகுறி 2: ஆள் தெரிகிறார், முகம் தெரியவில்லை

இந்த முறைப்பாட்டுக்குள் நான்கு வெவ்வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. நிறுத்தி வைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

அ. முகம் வெள்ளையாக எரிந்திருந்தால்

ஆள் கமராவுக்கு மிக அருகில் வந்துவிட்டார், விளக்கோ தூரத்துக்காக முழுப் பலத்தில் எரிகிறது. தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதால், 20 மீற்றருக்குப் போதிய விளக்கு 5 மீற்றரில் நிற்பவர் மீது பதினாறு மடங்கு பலத்தோடு விழும். கமராவின் அமைப்பில் (settings) ஸ்மார்ட் ஐஆர் என்ற தெரிவு, அதாவது ஆள் கிட்ட வந்தால் அகச்சிவப்பு (ஐஆர்) விளக்கைத் தானாகக் குறைப்பது, இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஐஆர் பலத்தைக் கையால் குறையுங்கள். அதுவும் இல்லாத மலிவுக் கமராவில் விளக்குகளில் சிலவற்றின் மேல் கறுப்பு நாடா ஒட்டிப் பயன் கண்டிருக்கிறேன். அழகில்லை, ஆனால் முகம் விழுகிறது.

ஆ. முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால்

இது ஷட்டரின் பிழை. இருட்டில் படத்தைப் பிரகாசமாகக் காட்டுவதற்காகக் கமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் கண் திறந்து வைத்திருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர் நகர்வார். ஷட்டர் 1/12 நொடியாக இருந்தால் அந்த ஒரு படத்துக்குள் அவர் 12 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். மனித முகத்தின் அகலமே ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர்தான். 1/25 இல் இழுபடுவது 6 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, 1/100 இல் ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு.

ஆகவே முதலில் ஸ்லோ ஷட்டர் என்ற தெரிவை நிறுத்துங்கள். பிறகு ஷட்டரைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1/50 இல் வைத்துப் பாருங்கள். படம் உடனே இருண்டுபோகும். வீட்டுக்காரர் "முன்னையதுதான் நல்லாயிருந்தது" என்பார். இருண்ட படத்தில் முகத்தின் கோடுகள் தெரிகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தாங்க முடியாத அளவுக்கு இருண்டால், படலையடியில் ஒரு 9 வாற் எல்.ஈ.டி. குமிழை எரியவிட்டுவிட்டு மீண்டும் சோதியுங்கள். சூரியக்கல விளக்கை நம்பி இதைச் செய்பவர்கள் அது இரவு இரண்டு மணிக்கும் எரிகிறதா என்று ஒருநாள் எழும்பிப் பார்த்துவிட வேண்டும். மலிவானவற்றில் பல நள்ளிரவோடு மங்கிவிடுகின்றன.

இ. முகம் சிறுத்துச் சதுரங்களாக உடைந்தால்

மெகாபிக்சல் பற்றிய கேள்வி உண்மையில் எழ வேண்டிய இடம் இதுவே, ஆனால் இங்கும் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ். சர்வதேச மின்தொழினுட்ப ஆணையகத்தின் 62676-4 தரநிர்ணயம், 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில், முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண்பதற்கு ஒரு மீற்றர் அகலத்துக்குப் படத்தில் 250 புள்ளிகளும் (பிக்சல்), ஏற்கெனவே தெரிந்தவரை இன்னாரென்று அறிவதற்கு 125 புள்ளிகளும் வேண்டும் என்று வகுத்திருக்கிறது. ஆள் நடமாட்டம் உண்டு என்று மட்டும் அறிய 25 போதும்.

இந்த அளவை உங்கள் வளவில் வைத்துப் பாருங்கள். 1/2.8 அங்குலச் சென்சரும் (லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பதியும் சில்லு) 2.8 மி.மீ. லென்ஸும் (இந்த எண் கூடக் கூடப் பார்வை குறுகும்) உள்ள சாதாரணக் கமரா, 10 மீற்றர் தள்ளியிருக்கும் படலையடியில் ஏறத்தாழ 20 மீற்றர் அகலத்தைப் பார்க்கிறது. 1,920 புள்ளி அகலமுள்ள 2 மெகாபிக்சல் கமராவில் மீற்றருக்கு 96 புள்ளிகள் கிடைக்கும். அதே லென்ஸோடு 8 மெகாபிக்சலுக்கு மாறினால் அது 192 ஆகிறது, அதுவும் நல்ல வெளிச்சத்தில். மாறாக, பழைய 2 மெகாபிக்சலையே 6 மி.மீ. லென்ஸோடு வாங்கியிருந்தால் அகலம் 9 மீற்றரளவாகச் சுருங்கி, மீற்றருக்கு ஏறத்தாழ 210 புள்ளிகள் கிடைத்திருக்கும். அதாவது குறுகிய பார்வையுள்ள மலிவுக் கமரா, அகன்ற பார்வையுள்ள விலைகூடிய கமராவைப் படலையடியில் தோற்கடிக்கிறது.

நம்மவர்கள் ஒரே கமராவில் கிணற்றடி, மாட்டுக் கொட்டில், படலை, வைக்கோற்போர் எல்லாம் தெரிய வேண்டும் என்று கேட்பதால்தான் பூட்டுகிறவரும் 2.8 ஐப் பூட்டிவிட்டுப் போகிறார். வளவு முழுவதையும் பார்க்க ஒன்றும், ஆள் வந்தே ஆக வேண்டிய ஒடுங்கிய வழியை மட்டும் பார்க்க 6 மி.மீ. லென்ஸுள்ள ஒன்றும் என இரண்டாகப் பிரித்தால், இரண்டுமே மலிவானவையாக இருந்தாலும் போதும். அயலவரின் கிணற்றடி எந்தக் கமராவிலும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கள்வனைப் பிடிக்கப் போய் அயலோடு கோபம் வந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

ஈ. தொப்பியும் உச்சந்தலையும் மட்டும் தெரிந்தால்

கமரா உயரத்தில் இருக்கிறது. கல்லெறிக்குப் பயந்து கூரை முகட்டில் பூட்டுவது வழக்கம். முகத்துக்கான கமராவை இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்துக்குள் இறக்குங்கள். வயர் நீளமாக இருந்தால் இது அரை மணி நேர வேலை.

அறிகுறி 3: படம் முழுவதும் மணல் தூவியது போல் புள்ளி பறக்கிறது

வெளிச்சம் போதாதபோது கமரா தனக்குக் கிடைத்த சிறிதளவை மின்னணு முறையில் பெருக்குகிறது. அப்போது இரைச்சலும் கூடவே பெருகுகிறது.

செலவில்லாத சோதனை, கெயின் எனப்படும் பெருக்கத்தின் உச்ச அளவை நூற்றுக்கு அறுபது அளவுக்குக் குறைத்து வைப்பது. இரைச்சல் நீக்கியை முழு அளவுக்கு ஏற்றாதீர்கள்: அசையாத சுவர் அழகாகத் தெரியும், நடக்கும் ஆள் பின்னால் நிழல் விட்டுக்கொண்டு ஆவிபோல் போவார். நடு அளவு போதும்.

இரண்டாவது, அகச்சிவப்பு விளக்கு உண்மையில் எரிகிறதா என்று பாருங்கள். 850 நானோமீற்றர் வகையானால் இருட்டில் கண்ணுக்கே மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரமும் குறைவு. ஓர் அலைபேசிக் கமராவை அதற்கு நேரே பிடித்தால் பெரும்பாலான அலைபேசிகளில் ஊதா வெளிச்சமாகத் தெரியும். விளக்கு செத்திருந்தால், கமரா நன்றாக இருக்கிறதென்றால், தனியான ஐஆர் விளக்கொன்றை அருகில் பூட்டுவது கமராவை மாற்றுவதை விட மலிவு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் அடங்கவில்லையென்றால் சென்சரே சிறிது. பரந்தனை அண்டிய நெல் ஆலையொன்றில், உழவு இயந்திரத்தின் டீசல் இரண்டாம் முறையும் களவு போன பின் என்னை அழைத்தார்கள். முதற் களவுக்குப் பிறகு அவர்கள் 2 மெகாபிக்சல் கமராவைக் கழற்றி எறியாமல் அலுமாரியில் வைத்துவிட்டு, அதே இடத்தில், அதே 2.8 லென்ஸோடு, 8 மெகாபிக்சல் பூட்டியிருந்தார்கள். இரண்டு களவின் பதிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் ஆளின் நடையாவது தெரிந்தது. புதியதில் இருட்டுக்குள் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன.

காரணம் எளிமையானது. இரண்டிலும் சென்சரின் பருமன் ஒன்றே, 1/2.8 அங்குலம். அந்தப் பரப்பில் இருபது இலட்சம் புள்ளிகள் இருந்தபோது ஒரு புள்ளியின் அகலம் 2.9 மைக்ரோமீற்றர், அதே பரப்பை எண்பது இலட்சமாகப் பங்கிட்டபோது 1.45. ஒவ்வொரு புள்ளியிலும் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஒரே குளத்துத் தண்ணீரை நான்கு மடங்கு வயலுக்குப் பாய்ச்சினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

அலுமாரியிலிருந்த பழைய கமராவையே எடுத்து, களஞ்சியச் சுவரில் படலைக்கு ஏழு மீற்றர் கிட்டவாகப் பூட்டி, படலைத் தூணில் ஒரு குமிழைப் போட்டோம். அன்றிரவுப் பதிவில் என்னோடு வந்த பையனின் கட்டம் போட்ட சட்டை கட்டம் கட்டமாகவே தெரிந்தது. 8 மெகாபிக்சலை ஆலைக்குள், விளக்கு எப்போதும் எரியும் தராசடிக்கு மாற்றினோம். அங்கே அது நன்றாக உழைக்கிறது.

அறிகுறி 4: இருட்டியதும் கமரா அணைந்து அணைந்து வருகிறது

பகலெல்லாம் ஓடிவிட்டு, மாலை ஆறரைக்கு மேல் படம் போய் வந்து கொண்டிருந்தால் கமராவைக் குறை சொல்லாதீர்கள். அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும்போது கமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. மின்சாரம் அதற்குப் போதவில்லை. கமரா அணைகிறது, விளக்கும் அணைகிறது, பாரம் இறங்கியதும் மீண்டும் எழும்புகிறது, மீண்டும் விழுகிறது.

பகலிலேயே இதைச் சோதிக்கலாம். அமைப்பில் இரவு நிலையைக் கையால் தெரிவு செய்யுங்கள், அல்லது கமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். விளக்கு எரியும்போது, கமரா முனையில் மல்ரிமீற்றரை வைத்து அளந்து பாருங்கள். அடப்ரர் முனையில் 12 வோல்ட் காட்டுவது கணக்கில் சேராது. கமரா முனையில் 11 க்குக் கீழே இறங்கினால் பிழை கண்டுபிடிபட்டாயிற்று.

மாலையில் ஊருக்கே வோல்ட் குறைகிறது, அதனால்தான் என்று பலர் சொல்வார்கள். அடப்ரரின் மேல் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் அந்தக் குறைவை அது தாங்கும். சந்தேகம் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

முதலில் இணைப்பு முளைகளைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். இணைப்புப் பெட்டியைத் திறக்கும்போது அவதானம்: எறும்புப் புற்று, பல்லி முட்டை, ஒருமுறை தூர்ந்துபோன குளவிக் கூடு எல்லாம் கண்டிருக்கிறேன். பிறகு அடப்ரரை மாற்றிப் பாருங்கள்; நான்கு கமராவுக்கு ஒரு 2 அம்பியர் அடப்ரரைப் பங்கிட்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி.

அதுவும் சரியென்றால் வயர். வலையமைப்பு வயரின் செப்பு இழையொன்றுக்கு 100 மீற்றரில் ஏறத்தாழ 9.4 ஓம் தடை உண்டு. 60 மீற்றர் தூரத்துக் கமராவுக்கு ஓர் இழையில் போய் மற்றோர் இழையில் திரும்பினால் 11 ஓமைத் தாண்டும், கமரா 0.4 அம்பியர் இழுக்கும்போது வழியிலேயே நாலரை வோல்ட் தொலைந்துவிடும். வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், இழப்பு இன்னும் கூடும். ஓர் இணையைப் படத்துக்கு விட்டு, மீதி ஆறு இழைகளில் மூன்றை நேருக்கும் மூன்றை எதிருக்குமாகச் சேர்த்து முறுக்கினால் தடை மூன்றில் ஒன்றாகும். பல வீடுகளில் இத்தோடு பிழை தீர்ந்துவிடுகிறது. வலையமைப்பு வயரில் படத்தை அனுப்பும் ஐபி கமராவானால், அதே வயரில் மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஈ சுவிச்சுக்கு மாறுங்கள். அது 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் 100 மீற்றர் வரை கவலையில்லை.

அடப்ரரைக் கமராவுக்கு அருகில் கொண்டுபோவதும் நல்ல தீர்வுதான், ஆனால் 230 வோல்ட் வயரை வளவுக்குள் இழுப்பது மின் வேலை தெரிந்தவரின் வேலை. அதே போல், ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு கமராவும் பதிவுப்பெட்டியின் ஒரு முளையும் ஒன்றாகச் செத்திருந்தால் நீங்களாக வேறு கமராவை அந்த முளையில் மாட்டிப் பார்க்காமல் தொழிலாளரை அழையுங்கள்.

அறிகுறி 5: வாகனம் தெரிகிறது, இலக்கத் தகடு வெள்ளைக் கட்டியாகத் தெரிகிறது

நம் நாட்டுத் தகடுகள் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். இரண்டும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புபவை. அகச்சிவப்பு பட்டதும் தகடு எரிந்துவிடும், எழுத்து மறைந்துவிடும். மணிக்கு 36 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் 1/25 நொடிக்குள் 40 சென்ரிமீற்றர் கடந்துவிடும் என்பது மேலதிகச் சிக்கல்.

இதற்கு ஷட்டரை 1/500 அல்லது 1/1000 க்கு ஏற்ற வேண்டும். அப்போது படம் ஏறக்குறைய முழு இருளாகி, தகடு மட்டும் மின்னி எழுத்தோடு தெரியும். அந்தக் கமராவால் முகம் பிடிக்க முடியாது. ஆகவே தகடு வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு கமரா, 12 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், வீதிக்குப் பக்கவாட்டில் 30 பாகைக்கு மேற்படாத சாய்வு. பொதுவான வளவுக் கமராவில் 8 மெகாபிக்சல் போட்டால் தகடும் விழும் என்று சொல்லும் விற்பனையாளரிடம், இரவில் எடுத்த மாதிரிப் பதிவைக் கேளுங்கள்.

அறிகுறி 6: இரவு நன்று, பகலில் படம் ஊதாவாக இருக்கிறது

லென்ஸுக்குப் பின்னாலுள்ள வடிகட்டி, இரவு விலகியது பகலில் திரும்பவில்லை. பகல், இரவு நிலைகளை அமைப்பில் பத்துமுறை மாற்றி மாற்றி இயக்குங்கள். டிக் என்ற ஒலி கேட்க வேண்டும். கமராவின் உடலை விரலால் மெல்லத் தட்டியும் பாருங்கள். ஒலி இல்லையென்றால் திருத்தும் கூலி புதிய கமராவின் விலைக்குக் கிட்ட வரும்.

அறிகுறி 7: நேரடிப் படம் தெளிவு, பதிவு மங்கல்

பதிவுப்பெட்டியில் மெயின் ஸ்ட்ரீம் எனப்படும் முழுத்தரப் படத்தின் பிட்ரேற், அதாவது நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு, குறைவாக இருக்கும். வன்தட்டில் கூடிய நாட்கள் நிற்க வேண்டும் என்பதற்காக யாரோ 1 மெகாபிட்டில் வைத்திருப்பார்கள். இரவில் பறக்கும் இரைச்சல் புள்ளிகளே அந்த ஒதுக்கீட்டை விழுங்கிவிட, முகத்துக்கு எதுவும் மிஞ்சாது.

4 மெகாபிட்டுக்கு ஏற்றுங்கள். கமராவொன்று நாளொன்றுக்கு 43 கிகாபைற்று எடுக்கும். நான்கு கமராவும் 1 ரெராபைற்று வன்தட்டும் என்றால் ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஒரு வாரமாவது வேண்டுமென்றால் அசைவின்போது மட்டும் பதியச் சொல்லுங்கள், அல்லது வன்தட்டைப் பெரிதாக்குங்கள். 8 மெகாபிக்சலுக்கு மாறுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் பார்த்தும் கமராவை மாற்றத்தான் வேண்டுமென்றால்

இரவு முழுவதும் விளக்கு எரியும் இடத்துக்கு, உதாரணமாகக் கடையின் காசு மேசைக்கோ எரிபொருள் நிலையத்துக்கோ, 8 மெகாபிக்சல் பொருந்தும். பகலில் விரிந்த வயலையோ களத்தையோ பார்ப்பதற்கும் அது நல்லது.

இருண்ட வளவுக்கு என் தெரிவு, 1/1.8 அங்குலச் சென்சரில் 4 மெகாபிக்சல். அதன் புள்ளி பழைய 2 மெகாபிக்சலின் புள்ளியளவே பெரியது, எண்ணிக்கையோ இருமடங்கு. இதே புள்ளிப் பருமனோடு 8 மெகாபிக்சல் வேண்டுமென்றால் 1/1.2 அங்குலச் சென்சருக்குப் போக வேண்டும். அவை வருகின்றன, விலைதான் வேறு. அங்குலக் கணக்கில் கீழ் எண் சிறிதாகச் சென்சர் பெரிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வைத்திருங்கள். சென்சர் பெரிதானால் அதே லென்ஸ் இன்னும் அகலமாகப் பார்க்கும் என்பதால், 4 அல்லது 6 மி.மீ. லென்ஸைக் கேளுங்கள்.

அடுத்து லென்ஸின் எஃப் எண். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 1.6 ஐ விட ஏறத்தாழ இரண்டரை மடங்கும், எஃப் 2.0 ஐ விட நான்கு மடங்கும் வெளிச்சத்தை உள்ளே விடும். ஹிக்விஷன் கலர்வு என்றும் டாஹுவா ஃபுல் கலர் என்றும் விற்கும் வகைகள் இத்தகைய லென்ஸையும் கமராவிலேயே பூட்டிய வெள்ளை விளக்கையும் கொண்டு இரவிலும் நிறம் காட்டுபவை. சட்டை சிவப்பா நீலமா, ஓட்டோ பச்சையா என்று பொலிஸில் சொல்ல முடிவது பெரிய உதவி. ஆனால் முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாட்களில் அந்த வெள்ளை விளக்கு லென்ஸின் முன்னாலேயே திருவிழா நடத்தும். விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி மஞ்சள் நிற எல்.ஈ.டி. குமிழொன்றை எரியவிட்டால் பூச்சி அங்கே போய்விடும், நிறமும் கிடைக்கும்.

பெட்டியில் 0.001 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று எழுதியிருப்பதை வைத்து வாங்காதீர்கள். முழுநிலவின் வெளிச்சமே ஒரு லக்ஸின் நான்கில் ஒன்றளவுதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லாமல் எந்த எண்ணையும் அச்சிடலாம்.

வாங்கும் கடையில், திருப்பிக் கொடுக்கும் உடன்பாட்டோடு ஒரு கமராவை மட்டும் ஓர் இரவுக்குக் கேளுங்கள். சுவரைத் துளைக்காமல், பூட்டப்போகும் அதே உயரத்தில் கேபிள் ரையால் கட்டி, ஷட்டரை 1/50 இல் வைத்து, முன்னர் சொன்னபடி ஒருவரைப் படலையிலிருந்து நடக்க விடுங்கள். நிறுத்திய படத்தில் முகம் இருந்தால் மறுநாள் துளைபோடலாம். இல்லையென்றால் பெட்டி கசங்காமல் அப்படியே கடைக்குத் திரும்பட்டும்.